‘ஃபார்’ எங்கே, ‘சின்ஸ்’ எங்கே: கால அளவும் தொடக்கமும்

வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதங்களில் அடிக்கடி கண்ணில் படும் ஆங்கில வாக்கியம் ஒன்று உண்டு: “ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்.” மூன்று ஆண்டுகளாக இங்கே வேலை பார்க்கிறேன் என்பதுதான் எழுதியவர் சொல்ல வந்தது. இந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. ‘சின்ஸ்’ நிற்கும் இடத்தில் ‘ஃபார்’ வர வேண்டும் என்பது முதற்பிழை. அதைப் பலரும் எப்படியோ கற்றுக்கொண்டு திருத்திவிடுகிறார்கள். இரண்டாவது பிழை வினைச்சொல்லில் இருக்கிறது. முதலாவதைத் திருத்திய பிறகும் அது அப்படியே தங்கிவிடுகிறது. இவ்விரு சொற்களைப் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் முதற்பிழையோடு நின்றுவிடுவதால், இங்கே இரண்டாவதற்கே கூடுதல் இடம் கொடுக்கிறேன்.

சொல்லைத் தேர்ந்தெடுப்பது தமிழருக்கு உண்மையில் எளிது. ‘ஃபார்’ ஒரு செயல் எவ்வளவு காலம் நீடித்தது என்ற அளவைச் சொல்கிறது. ‘சின்ஸ்’ அது எப்போது தொடங்கியது என்பதைச் சொல்கிறது. தமிழில் இதே வேறுபாட்டை நாம் நாள்தோறும் பிழையின்றிக் கையாள்கிறோம். ‘மூன்று ஆண்டுகளாக’, ‘பத்து நாளாக’, ‘வெகுநேரமாக’ என்று ‘ஆக’ சேர்த்துச் சொன்னால் அது கால அளவு; ஆங்கிலத்தில் ‘ஃபார்’ போட வேண்டும். ‘2019 முதல்’, ‘திங்கட்கிழமையிலிருந்து’, ‘நீங்கள் போனதிலிருந்து’ என்று சொன்னால் அது தொடக்கம். அங்கே ‘சின்ஸ்’ வரும். எழுதும்போது ஐயம் எழுந்தால் அந்த வாக்கியத்தை ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்த்து, காலச்சொல்லின் ஈற்றில் ‘ஆக’ வருகிறதா, ‘இலிருந்து’ வருகிறதா என்று கவனித்தாலே பெரும்பாலான இடங்களில் விடை கிடைத்துவிடும்.

சில இடங்களில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. ‘லாஸ்ட்’ என்ற சொல் அவற்றுள் முதன்மையானது. ‘சின்ஸ் லாஸ்ட் இயர்’ என்பது சரி, ஏனெனில் கடந்த ஆண்டு என்பது நாட்காட்டியில் சுட்டிக்காட்டக்கூடிய ஒரு தொடக்கம். அதைப் பார்த்துப் பழகியவர்கள் ‘சின்ஸ் லாஸ்ட் த்ரீ இயர்ஸ்’ என்றும் எழுதிவிடுகிறார்கள். கடந்த மூன்று ஆண்டுகள் என்பது ஓர் அளவு என்பதால் அங்கே ‘ஃபார் தி லாஸ்ட் த்ரீ இயர்ஸ்’ என்றுதான் எழுத வேண்டும். நடுவில் வரும் ‘தி’யையும் விட்டுவிடக் கூடாது. ‘சின்ஸ் லாங்’ என்பதும் இதே வகைப் பிழை. ‘ஃபார் எ லாங் டைம்’ என்பதே நீண்ட காலமாக என்பதற்குச் சரியான தொடர். காலையிலிருந்து என்பதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் ‘சின்ஸ் மார்னிங்’ பேச்சில் புரிந்துகொள்ளப்படும் என்றாலும், எழுத்தில் ‘சின்ஸ் திஸ் மார்னிங்’ என்று எழுதுவதே முறை. ‘ஆல்’ வரும் தொடர்களில் இரண்டு சொற்களும் தேவையில்லை: நாள் முழுவதும் காத்திருக்கிறேன் என்பதற்கு “ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஆல் டே” என்பதே போதும்.

இனி வினைச்சொல்லுக்கு வருவோம். ‘இங்கே மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன்’ என்னும்போது தமிழ் நிகழ்கால வினையையே பயன்படுத்துகிறது. வேலை இன்றும் நடக்கிறது, ஆகவே ‘பார்க்கிறேன்’ என்பது நமக்கு முற்றிலும் இயல்பாக இருக்கிறது. ஆங்கிலம் இந்த இடத்தில் வேறு வழியில் போகிறது. முன்பு தொடங்கி இப்போது வரை நீளும் ஒன்றைச் சொல்ல அந்த மொழி ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ சேர்ந்த வினையைக் கேட்கிறது. எனவே நம் விண்ணப்பதாரரின் வாக்கியம் “ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்” என்று அமைய வேண்டும். 2019 முதல் என்று சொல்ல விரும்பினால் “ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019” என்று எழுதலாம். ‘சின்ஸ்’ என்ற சொல்லை மட்டும் மாற்றி “ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்” என்று விட்டுவிட்டால் பிழை பாதிதான் நீங்கியிருக்கும்.

‘தெரியும்’ போன்ற நிலைகளைக் குறிக்கும் வினைகளிலும் இதே கட்டுப்பாடு உண்டு. ‘2015 முதல் எனக்கு அவரைத் தெரியும்’ என்பதை “ஐ நோ ஹிம் சின்ஸ் 2015” என்று எழுதக் கூடாது. “ஐ ஹேவ் நோன் ஹிம் சின்ஸ் 2015” என்றே எழுத வேண்டும். ‘நோ’ என்ற வினை இந்தப் பொருளில் ‘இங்’ சேர்ந்த தொடர்வடிவில் வராது என்பதால் ‘ஹேவ் பீன் நோயிங்’ என்ற வடிவத்திற்கும் இங்கே இடமில்லை.

எதிர்மறை வாக்கியம் இன்னும் நுட்பமானது. அதைச் சற்று அருகில் சென்று பார்ப்பது நல்லது. ‘இரண்டு ஆண்டுகளாக அவரைப் பார்க்கவில்லை’ என்ற தமிழ் வாக்கியத்தில் ‘பார்க்கவில்லை’ என்ற வடிவம் நேற்று நடக்காததற்கும் இன்று வரை நடக்காததற்கும் பொதுவாக நிற்கிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒரு பொது வடிவம் இல்லை. இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆக வேண்டும். “ஐ ஹேவ் நாட் சீன் ஹிம் ஃபார் டூ இயர்ஸ்” என்றால் இன்றும் பார்க்கவில்லை, அந்த இரண்டு ஆண்டு இடைவெளி இந்தக் கணம் வரை நீள்கிறது என்று பொருள். “ஐ டிட் நாட் சீ ஹிம் ஃபார் டூ இயர்ஸ்” என்றால் எப்போதோ ஒரு காலத்தில் இரண்டு ஆண்டுகள் பார்க்காமல் இருந்தேன், அந்த இடைவெளி முடிந்துவிட்டது என்று பொருள். இரண்டுமே இலக்கணப்படி சரியானவை. அதனால்தான் தவறானதைத் தேர்ந்தாலும் எந்தத் திருத்தக் கருவியும் நம்மைத் தடுக்காமல் போகலாம். படிப்பவரோ வேறொன்றைப் புரிந்துகொள்வார்.

இதிலிருந்து இவ்விரு சொற்களுக்கிடையே உள்ள மற்றொரு வேறுபாடும் தெளிவாகும். ‘ஃபார்’ எல்லாக் காலங்களோடும் சேரும். முடிந்துபோன ஒன்றைச் சொல்ல எளிய இறந்தகாலத்தோடு அது வரும்: நெல்சன் மண்டேலா 1962 முதல் 1990 வரை சிறையில் இருந்தார், பிறகு விடுதலையானார், எனவே “ஹீ வாஸ் இன் பிரிசன் ஃபார் ட்வென்டி செவன் இயர்ஸ்” என்று எழுத வேண்டும். அங்கே ‘ஹேஸ் பீன்’ என்று எழுதினால் அவர் இன்னும் சிறையில் இருப்பதாக ஆகிவிடும். 1961இல் எழுப்பப்பட்டு 1989இல் திறந்துவிடப்பட்ட பெர்லின் சுவரைப் பற்றியும் “இட் ஸ்டுட் ஃபார் ட்வென்டி எய்ட் இயர்ஸ்” என்று இறந்தகாலத்தில்தான் சொல்ல முடியும். எதிர்காலத்தோடும் ‘ஃபார்’ தடையின்றிச் சேரும்: “ஐ வில் ஸ்டே ஃபார் டூ வீக்ஸ்.” இத்தகைய இடங்களில் தமிழில் ‘ஆக’ வராது என்பதையும் மறக்க வேண்டாம். ‘இருபத்தேழு ஆண்டுகள் இருந்தார்’ என்றோ, ‘இரண்டு வாரத்திற்குத் தங்குவேன்’ என்றோதான் நாம் சொல்கிறோம். மேலே சொன்ன ‘ஆக’ சோதனை தொடரும் செயல்களுக்கு மட்டுமே துணை செய்யும். மற்ற இடங்களில் ‘எவ்வளவு காலம்’ என்ற கேள்விக்கு விடையாக நிற்கிறதா என்று பார்த்து ‘ஃபார்’ எழுதிக்கொள்ளலாம்.

‘சின்ஸ்’ அவ்வளவு தாராளமாகப் பழகுவதில்லை. தொடக்கத்தைச் சொல்லிவிட்டு முடிவைச் சொல்லாமல் விடுவதால், அது பேசப்படும் கணம் வரை நீண்டே தீரும். ஆகவே தன்னோடு வரும் முதன்மை வினையில் பெரும்பாலும் ‘ஹேவ்’ வகை வடிவத்தையே அது கேட்கிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் மனிதர்கள் இடைவிடாமல் தங்கிவருகிறார்கள் என்பதை “பீப்பிள் ஹேவ் லிவ்ட் தேர் சின்ஸ் நவம்பர் 2000” என்று எழுதுகிறோம். கடந்த காலத்தில் ஒரு புள்ளியில் நின்று அதற்கும் முந்தையதைச் சொல்லும்போது ‘ஹேவ்’ ‘ஹேட்’ ஆக மாறும்: 2010இல் நான் அவரைச் சந்தித்தபோது “ஹீ ஹேட் பீன் டீச்சிங் சின்ஸ் 1995.” தொடக்கமும் முடிவும் இரண்டுமே தெரிந்த காலத்தைச் சொல்ல வேண்டுமானால் ‘சின்ஸ்’ பொருந்தாது, அதற்கு ‘ஃப்ரம்’, ‘டு’ என்ற இணை இருக்கிறது. ‘ஐ வொர்க்ட் தேர் ஃப்ரம் 2010 டு 2015’ என்பது முறையான வடிவம்.

ஒரே கேள்வி போலத் தோன்றும் இரண்டு கேள்விகளில் பலரும் தடுமாறுவதுண்டு. “ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?” என்று ஒருவர் கேட்டால், வந்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்கிறார். “ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?” என்று கேட்டால், மொத்தம் எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள் என்று கேட்கிறார். வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும் நிலையில் முதல் கேள்விக்கு “ஐ ஆம் ஹியர் ஃபார் எ வீக்” என்று பதில் சொன்னால், ஒரு வாரப் பயணமாக வந்திருக்கிறேன் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். வெளிநாட்டு விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி முன் நிற்பவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருப்பது மிகவும் அவசியம் என்றே கருதுகிறேன். எப்போதிலிருந்து என்பதை அப்படியே மாற்றி “சின்ஸ் வென்?” என்று கேட்பதையும் தவிர்க்கலாம், அது பல நேரங்களில் ‘இது என்ன புதுக்கதை’ என்ற தொனியில் ஒலிக்கும். ‘ஹவ் லாங்’ என்று தொடங்குவது பாதுகாப்பானது.

நொடியில் முடிந்துவிடும் செயல்களுக்கு ‘ஃபார்’ தானாகப் பொருந்தாது. வாங்குதல், சேர்தல், இறத்தல் ஆகியவை நீளும் செயல்கள் இல்லை. அவற்றின் விளைவுதான் நீளும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கைப்பேசியை “ஐ ஹேவ் பாட் திஸ் ஃபோன் ஃபார் டூ இயர்ஸ்” என்று சொல்ல முடியாது. வாங்கியதைச் சொன்னால் “ஐ பாட் திஸ் ஃபோன் டூ இயர்ஸ் அகோ” என்றும், வைத்திருப்பதைச் சொன்னால் “ஐ ஹேவ் ஹேட் திஸ் ஃபோன் ஃபார் டூ இயர்ஸ்” என்றும் பிரித்து எழுத வேண்டும். ‘திருமணமாகிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன’ என்பதற்கு “வீ ஹேவ் பீன் மேரிட் ஃபார் டென் இயர்ஸ்” என்பது சரி. அதில் ‘பீன்’ விடுபட்டால் வாக்கியம் குலைந்துவிடும். தமிழில் ‘ஆகின்றன’ என்று முடியும் இவ்வகை வாக்கியங்களுக்கு ‘சின்ஸ்’ கொண்ட அழகான ஓர் அமைப்பும் உண்டு: “இட் இஸ் டென் இயர்ஸ் சின்ஸ் வீ மெட்.” அமெரிக்கர்கள் ‘இட் இஸ்’ என்பதற்குப் பதில் ‘இட் ஹேஸ் பீன்’ என்றே பெரும்பாலும் சொல்வார்கள், எதை எழுதினாலும் ‘சின்ஸ்’ஸுக்குப் பின் வரும் வினை இங்கே எளிய இறந்தகாலத்தில் நிற்கிறது என்பதைக் கவனிக்கவும்.

கடைசியாக, இவ்விரு சொற்களுக்கும் ‘என்பதால்’, ‘ஏனெனில்’ என்ற பொருளும் உண்டு என்பதால் அதையும் தொட்டுச் செல்ல வேண்டும். ‘சின்ஸ்’ காரணத்தைச் சொல்லும்போது மேலே விளக்கிய வினைக் கட்டுப்பாடு எதுவும் அதற்கு இல்லை: “சின்ஸ் யூ ஆர் ஹியர், லெட் அஸ் பிகின்” என்பது நீங்கள் வந்துவிட்டதால் தொடங்கலாம் என்ற பொருளில் முற்றிலும் சரியானது. ஆனால் “சின்ஸ் ஹீ லெஃப்ட், தி வொர்க் ஹேஸ் ஸ்டாப்ட்” என்று எழுதினால், அவர் போன பிறகு வேலை நின்றதா, அவர் போனதால் நின்றதா என்று படிப்பவருக்குத் தெரியாது; காரணம்தான் சொல்ல வந்தது என்றால் அங்கே ‘பிகாஸ்’ என்று எழுதிவிடுவது நல்லது. ‘ஏனெனில்’ என்ற பொருளில் வரும் ‘ஃபார்’ இன்று பழைய நடையிலும் இலக்கிய எழுத்திலும்தான் மிகுதியாகத் தென்படுகிறது. அது எப்போதும் முதன்மை வாக்கியத்திற்குப் பின்னரே வரும். காரணத்தை முதலில் சொல்லிப் பிறகு விளைவைச் சொல்ல அதைப் பயன்படுத்த முடியாது. படிக்கும்போது அடையாளம் கண்டுகொண்டால் போதும். கடிதங்களிலும் அறிக்கைகளிலும் அதை நாம் எழுத வேண்டிய தேவை எழுவதில்லை.