டூம், பிளாக் மெட்டல் கேட்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெதுவாகவும் கனமாகவும் நகரும் மெட்டல் வகையான டூம் மெட்டலை ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்துவிட்டு "ஒரே இரைச்சல், இதில் என்ன இருக்கிறது?" என்று ஒதுக்கிவிடுபவர்கள் நிறைய. அவர்கள் காதில் இசையின் பாதிகூட விழுந்திருக்காது. சாதாரண ட்யூனிங்கில் கிட்டாரின் தடித்த தந்தி விநாடிக்கு 82 முறை அதிர்கிறது. தந்தியைத் தளர்த்தி ‘சி’ என்ற சுரம் வரை இறக்கினால் அது 65. பேஸ் கிட்டார் இன்னும் ஒரு ஸ்தாயி கீழே, 33 வாக்கில். அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் அந்த ஒலியை எழுப்பவே முடியாது. பர்மிங்ஹாம் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு விரல்நுனிகளை இழந்த கிட்டாரிஸ்ட் டோனி அயோமி, தந்தியின் இறுக்கம் குறைந்தால் வாசிக்க எளிது என்பதால், தன் பிளாக் சபாத் குழுவின் 1971 ஆல்பத்தில் சில பாட்டுகளுக்கு மூன்று அரைச்சுரம் இறக்கினார். டூம் மெட்டலின் கனம் அங்கிருந்து வந்தது. அந்தக் கனத்தை நீக்கிவிட்டுக் கேட்டால் எதைக் கேட்கிறோம்? ஓரளவு நல்ல ஹெட்ஃபோன் போதும், ஆனால் அது கட்டாயம் வேண்டும்.

அடுத்தது அவசரம். முதல் நிமிஷத்தைக் கேட்டு, நடுவில் ஒரு தாவு தாவி, "எங்கேயும் போகவில்லையே" என்று மூடிவிடுவது. சியாட்டிலின் பெல் விச் குழு 2017-இல் வெளியிட்ட ‘மிரர் ரீப்பர்’ ஒரே பாட்டு, 83 நிமிஷம். இரண்டே பேர், பேஸும் டிரம்ஸும் ஆர்கனும்தான், கிட்டார் கிடையாது. குழுவின் முன்னாள் டிரம்மரும் பாடகருமான ஏட்ரியன் கெரா 2016-இல் இறந்துபோனார். அவர் முன்பு பாடிப் பதிவாகி, பயன்படாமல் கிடந்த குரலை இந்தப் பாட்டின் நடுப்பகுதியில் வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்திலிருந்து அந்த மெதுவான அடிகளோடு உட்கார்ந்திருந்தவருக்கு அந்தக் குரல் வரும்போது நெஞ்சு அடைக்கும். நேராக அந்த இடத்துக்குத் தாவி வந்தவருக்கு அது வெறும் உறுமல். விளம்ப காலத்தில் ஒரு கீர்த்தனையை முழுசாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல.

அதற்காக 83 நிமிஷத்தில் தொடங்க வேண்டும் என்று சொல்லவில்லை. இங்கிலாந்தின் வார்னிங் குழுவுடைய ‘வாட்சிங் ஃப்ரம் எ டிஸ்டன்ஸ்’ (2006) நல்ல வாசல். உறுமலே இல்லை, உடைந்த மனதோடு ஒருவர் தெளிவாகப் பாடுகிறார். அப்புறம் பின்லாந்துக்குப் போங்கள்: தெர்கோதானின் ஒரே ஆல்பமான ‘ஸ்ட்ரீம் ஃப்ரம் த ஹெவன்ஸ்’ (1994), ஆர்கன் ஒலி பரவிக் கிடக்கும் ஸ்கெப்டிசிசத்தின் ‘ஸ்டார்ம்க்ரோஃப்ளீட்’ (1995). ஃபியூனரல் டூம் என்ற இன்னும் மெதுவான கிளைக்கு இவை இரண்டும் அடித்தளம்.

வேகமும் அலறும் குரலும் கொண்ட பிளாக் மெட்டலில் வரும் தவறு வேறு மாதிரி. கரகரப்பான ஒலிப்பதிவைக் கேட்டதும் "காசில்லாமல் பண்ணியிருக்கிறார்கள்" என்று முடிவுகட்டிவிடுகிறோம். பர்ஸம், நார்வேயின் வார்க் விகர்னஸ் ஒருவரே நடத்திய குழு. அதன் ‘ஃபிலோசொஃபெம்’ ஆல்பம் 1993-இல் பதிவாகி 1996-இல் வெளிவந்தது. இருப்பதிலேயே மோசமான மைக்கைக் கேட்டு வாங்கி, ஒரு ஹெட்செட் மைக்கில் பாடியிருக்கிறார் வார்க் விகர்னஸ். கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபையர் இல்லை. ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் வழியாக, சகோதரர் பாட்டுக் கேட்கிற ஸ்டீரியோவில் செருகியிருக்கிறார். அந்தப் பதிவில் இருந்த பிட்டன் என்ற பொறியாளர்தான் மேஹெம், எம்பரர் குழுக்களின் பிரம்மாண்டமான ஆல்பங்களையும் பதிவு செய்தவர். அவருக்குத் தெரியாமல் வந்த கரகரப்பு அல்ல அது. வேண்டும் என்றே தேர்ந்தெடுத்தது. டார்க்த்ரோனின் ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ (1994) அதே வழிதான்: வாத்தியங்கள் எல்லாவற்றையும் ஃபென்ரிஸ் ஒருவரே வாசித்து நான்கு ஒலித்தடங்களை மட்டுமே பதியும் கருவியில் பதிவு செய்தார். இதன் மறுபக்கத் தவறும் உண்டு. கரகரவென்றிருந்தாலே உண்மையான பிளாக் மெட்டல் என்று நம்புவது. கரகரப்புக்கு அடியில் நல்ல ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டு, இல்லையென்றால் அங்கே கேட்க எதுவுமில்லை.

விகர்னஸ் பெயரைச் சொன்ன பிறகு இதைச் சொல்லாமல் போகக் கூடாது. மேஹெம் குழுவின் கிட்டாரிஸ்ட் யூரோனிமஸைக் கொன்றதற்கும் தேவாலயங்களை எரித்ததற்கும் 1994-இல் அவருக்கு 21 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. இனவெறிக் கருத்துகளையும் வெளிப்படையாகப் பேசிவருபவர். இந்த இசையில் நாஜி ஆதரவுக் குழுக்கள் உண்மையாகவே இருக்கின்றன. அட்டைப் படத்தில் காடும் பனியும் மட்டும்தான் தெரியும். பணம் கொடுக்கும் முன் குழு யார், வெளியிடும் லேபிள் யார் என்று பார்த்துவிடுங்கள். "இசை வேறு, அரசியல் வேறு" என்று நழுவுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பாசிசத்தை வெளிப்படையாக எதிர்ப்பவர்களும் இதே இசையில் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பனாப்டிகான் குழுவுடைய ‘கென்டக்கி’ (2012) பான்ஜோவையும் பிளாஸ்ட் பீட் என்ற அதிவேக டிரம்ஸ் அடியையும் கலந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் போராட்டத்தைப் பாடுகிறது.

நார்வேயிலேயே நின்றுவிடுவதும் நஷ்டம்தான். செக் நாட்டின் மாஸ்டர்ஸ் ஹாமர் 1991-லேயே டிம்பனி முரசு முழங்க ‘ரிச்சுவல்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தது. கிரேக்கத்தின் ராட்டிங் கிரைஸ்ட், வராத்ரான் இரண்டும் 1993-இல் வெளியிட்ட ஆல்பங்களில் பனியின் குளிர் இல்லை. நடுத்தர வேகத்தில் வெதுவெதுப்பான ரிஃப்கள். நமக்கு இன்னும் பக்கத்தில், 1992-இல் தொடங்கிய சிங்கப்பூரின் ருத்ரா உபநிடதக் கருத்துகளையும் வடமொழிச் சுலோகங்களையும் மெட்டலில் பாடிவருகிறது. அவர்களுடைய ‘பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ’ (2005) ஆல்பத்தைத் தேடிக் கேளுங்கள்.

கடைசியாக, அபூர்வத்தைத் துரத்துவது. சில பிரதிகளே வந்த கேசட் என்பதால் இசை உயர்ந்துவிடாது. மறுவிற்பனையில் பல மடங்கு விலை கொடுத்தால் அதில் ஒரு காசுகூடக் குழுவுக்குப் போகாது. பெரும்பாலான சிறு குழுக்கள் பேண்ட்கேம்ப் என்ற இணைய இசை விற்பனைத் தளத்தில் இருக்கின்றன. முழு ஆல்பத்தையும் கேட்டுப் பார்த்துப் பிடித்தால் வாங்கலாம். 2020 மார்ச்சில் தொடங்கி, சில வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. வாங்குவதை அந்த நாளுக்கு ஒதுக்கி வையுங்கள்.