சிக்னல் குறைந்த இடத்தில் பேட்டரியைக் காப்பாற்ற

இரவு ரயிலிலோ மலைப்பாதைப் பேருந்திலோ போகும்போது சிக்னல் ஒற்றைக் கோடாகக் குறைந்தால், போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். டவர் தூரமாக இருந்தால் போன் தன் அலைபரப்பும் சக்தியைக் கூட்டிக்கொண்டே போகும். சாதாரண 4ஜி போனில் அது 0.2 வாட் வரை ஏறும், டவர் பக்கத்தில் இருந்தால் அதில் சிறு பங்கே போதும். சிக்னல் அறவே போனாலும் சும்மா இருக்காது, டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். புளூடூத்தை அணைத்து மிச்சம் பிடிப்பதெல்லாம் இதன் முன் சொற்பம்.

வீட்டுக்குள் சிக்னல் மோசமென்றால் ஏரோபிளேன் மோடிலேயே வைஃபையை மட்டும் போட்டுக்கொள்ளலாம், வாட்ஸ்அப் ஓடும். ஆனால் சாதாரண அழைப்பையும் வைஃபை வழியே கொண்டுவரும் ‘வைஃபை காலிங்’ வசதி இல்லையென்றால் அந்த அழைப்பு வராது. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாத நேரத்தில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சிக்னல் நன்றாக இருக்கும் ஊரில் பெரிய பலனும் இருக்காது.