பழைய வெள்ளை ஒயினை ஜில்லென்று ஊற்றாதீர்கள்

பத்துப் பதினைந்து வருடம் ஆன மெர்சோ போன்ற, பிரான்சின் பர்கண்டி பகுதி வெள்ளை ஒயினை, ஊற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். அறை புழுக்கமாக இருந்தால் 15 நிமிடமே போதும். 12 முதல் 14 டிகிரி செல்சியஸ்தான் அதற்குச் சரியான குளிர்ச்சி. 4, 5 டிகிரியில் மணம் எழும்பாது. புளிப்பு மட்டும் நாக்கில் நிற்கும். வறுத்த ஹேசல்நட், தேன், லேசான காளான் வாசனை, இதற்காகத்தானே இத்தனை வருடம் காத்திருந்தது! ஊற்றியதும் ஜில்லென்றே இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். அவசரமென்றால் கிளாஸின் வயிற்றை இரு கைகளாலும் பொத்திப் பிடித்தால் சீக்கிரம் சூடேறும்.

ஷாம்பெய்ன், மஸ்கடே, இளசான சான்செர் போன்ற பிரெஞ்சு ஒயின்களுக்கு இது வேண்டாம். அவற்றின் அழகே சுறுசுறுப்பான புளிப்புதான், குளிர்ச்சியாகவே குடியுங்கள். அப்புறம், நிறம் பழுப்பேறி, அடிபட்ட ஆப்பிள் வாடை வந்தால் ஒயின் காற்றுப் பட்டுக் கெட்டிருக்கிறது. 1990-களின் நடுப்பகுதி பர்கண்டி வெள்ளை ஒயின்களில் இந்தக் கோளாறு பிரசித்தம். எத்தனை டிகிரியில் வைத்தாலும் அது தேறாது.