மானிட்டர் ஆர்ம் விட்ட இடத்தில் நிற்க: ஸ்பிரிங்கைச் சரிசெய்யும் முறை

கடலூர், புதுச்சேரிப் பக்கம் சின்ன கிளினிக்குகளில்கூட மானிட்டரைச் சுவரிலிருந்து நீளும் ஸ்பிரிங் ஆர்மில் மாட்டுகிறார்கள். லேசாகத் தள்ளினால் நகர வேண்டும், கையை எடுத்தால் அங்கேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பலர் மூட்டில் உள்ள பிரேக் ஸ்க்ரூவை இறுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதில் ஆரம்பிக்காதீர்கள். பாரத்தைத் தாங்க வேண்டியது ஸ்பிரிங்; பிரேக் ஆட்டத்தை அடக்க மட்டும்தான். பிரேக்கை நம்பி நிற்கும் மானிட்டர், பிரேக் தேயத் தேய நோயாளியின் தலைக்கு மேல் மெல்ல இறங்கும்.

1932-ல் இங்கிலாந்தில் கார் சஸ்பென்ஷன் பொறியாளர் ஜார்ஜ் கார்வர்டைன் ஸ்பிரிங்கால் சமன் செய்த மேசை விளக்கை உருவாக்கினார். இன்றைய ஆர்ம்களிலும் அதே தத்துவம்தான்: எடை கீழே இழுக்கும் அளவுக்கு ஸ்பிரிங் மேலே தூக்க வேண்டும்.

முதலில் எடை. மானிட்டரை மட்டும் பார்க்காமல் பிராக்கெட், கைப்பிடி, கேபிள் எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் வையுங்கள். ஆர்மில் குறைந்தபட்ச எடை, அதிகபட்ச எடை இரண்டும் போட்டிருக்கும். எடை குறைவாக இருந்தாலும் ஆகாது. ஆர்ம் மேலேயே ஏறி நிற்கும்.

அப்புறம் சுவர். இங்கேதான் நிதானம் வேண்டும். 6 கிலோ பாரம் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி நிற்கிறது, மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசை போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்க முயலும் விசை ஏறக்குறைய 30 கிலோ. ஆர்மின் சொந்த எடை இதில் சேரவில்லை. யாராவது சாய்ந்தால் இன்னும் கூடும். புதுச்சேரி ஒயிட் டவுனின் பழைய பிரெஞ்சுக் கால வீடுகளில் கிளினிக் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரில் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டை நம்ப முடியாது. துளை போடும்போது பொடி மாவாக உதிர்ந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சுவருக்கு மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து முழுக்க ஊடுருவும் போல்ட் போடலாம். கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

மாட்டியாயிற்றா? இனி ஸ்பிரிங். கட்டிலில் நோயாளி இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். பிரேக்கைத் தளர்த்துங்கள். மானிட்டரைப் பிடித்தபடி ஆர்மைக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவந்து, கையை முழுக்க எடுக்காமல் விரல்களை மட்டும் மெல்லத் தளர்த்திப் பாருங்கள். இறங்கினால் டென்ஷன் ஸ்க்ரூவை (ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றும் ஸ்க்ரூ) ஆலன் கீயால், அதாவது அறுகோணச் சாவியால், கூட்டல் குறிப் பக்கம் திருப்புங்கள். ஏறினால் கழித்தல் பக்கம். ஒரு தடவைக்கு அரைச்சுற்று போதும். பல மாடல்களில் ஆர்மை மேலே தூக்கிவிட்டால் ஸ்க்ரூ சுலபமாகத் திரும்பும். உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேல், நடு, கீழ் மூன்று நிலையிலும் ஓரளவு நின்றால் சரி. அதற்குப் பிறகுதான் பிரேக், அதுவும் லேசான பிடிப்பு வரும்வரை.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு பக்கமாகவே திரும்பி வந்தால் கேபிளைப் பாருங்கள். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு வளையம் அளவுக்குத் தளர்வு விட வேண்டும்.

பெரிய ஆபத்து கழற்றும்போதுதான். ஆர்ம் கீழே இருக்கையில் மானிட்டரை எடுத்தால், அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் ஒரே வீச்சில் மேலே அடிக்கும். முகத்தில் பட்டால் எலும்பு உடையும். ஆர்மை உச்சிவரை ஏற்றி, இன்னொருவர் பிடித்துக்கொள்ள, பிறகு கழற்றுங்கள். கேஸ் (வாயு) ஸ்பிரிங் என்றால் உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும். அதைத் துளைக்கவோ பிரிக்கவோ கூடாது, பழுதானால் முழுசாக மாற்றுங்கள்.

நம் ஊர் உப்புக்காற்றில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ சீக்கிரம் துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். கிருமிநாசினியால் துடைத்ததும் மூட்டுகளில் ஈரம் தங்காமல் உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் சுவர் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.