அனாட்டோ விதை: கலர் எடுக்குறது எண்ணெய்ல, கெடுக்குறது சூட்டுல

அனாட்டோவ பத்தி முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இதுல பெரிய டேஸ்ட் எதிர்பார்த்து வாங்காதீங்க. பாக்க பயங்கர காரமா இருக்குமோன்னு தோணும், ஆனா துளி காரம் கிடையாது. லேசா மண்வாசனை, கொஞ்சம் மிளகு சாயல், அவ்ளோதான். இதோட உண்மையான வேலை கலர் குடுக்குறது, அத ஒழுங்கா எடுக்கத் தெரிஞ்சா போதும், மத்ததெல்லாம் கூட சேர்க்குற பொருள் பாத்துக்கும்.

இது வெப்பமண்டல அமெரிக்காவுல இருந்து வந்த மரம், மெக்சிகோவுல அச்சியோட்டேன்னு கேளுங்க, பிரேசில்ல பேரு 'உருகூம்', பிலிப்பைன்ஸ்ல அட்சுவேத்தே. முள்ளு முள்ளா ஒரு காய், அத பிளந்தா உள்ள செங்கல் கலர்ல சின்ன சின்ன விதை. கலர் முழுக்க விதைக்கு மேல ஒட்டியிருக்குற பூச்சுலதான் இருக்கு, உள்ள இருக்குற பருப்புல ஒண்ணும் இல்ல. அந்த கலருக்கு பேரு பிக்சின், கேரட்டுல இருக்குற கரோட்டினாய்டு குடும்பம்தான், கொழுப்புல கரையும், வெறும் தண்ணில சரியா கரையாது. அதனாலதான் விதைய அப்படியே சூப்புல தூக்கி போட்டா கலர் வெளிறிப்போய் நிக்கும், விதை மட்டும் பல்லுல கடிபடும், அது வேகவும் வேகாது.

சரி, எண்ணெய். அனாட்டோ சமையல்ல முக்கால்வாசி இதுதான். ஒரு கப் எண்ணெய்க்கு கால் கப் விதை, வாசனை இல்லாத எண்ணெய் எதுவா இருந்தாலும் ஓகே. ரெண்டையும் பச்சையாவே சேர்த்து சின்ன பாத்திரத்துல வெச்சு அடுப்ப சிம்ல போடுங்க, எண்ணெய்ய முதல்ல காய வெச்சுட்டு விதைய போடுற பழக்கம் இங்க வேணாம். ரெண்டு நிமிஷத்துல விதைய சுத்தி ஆரஞ்சு கலர் இறங்க ஆரம்பிக்கும், சின்ன சின்ன குமிழி வரும், மூணுல இருந்து அஞ்சு நிமிஷத்துக்குள்ள எண்ணெய் நல்ல ஆழமான சிவப்பு ஆரஞ்சுக்கு வந்துடும், அப்ப அடுப்ப ஆஃப் பண்ணிட்டு அப்படியே பத்து நிமிஷம் விடுங்க, மிச்ச கலர் அந்த சூட்டுலயே இறங்கிடும். இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்னு அடுப்புலயே வெச்சுகிட்டு இருந்தா என்ன ஆகும்னா விதை கருக்க ஆரம்பிக்கும், எண்ணெய்ல இருந்த சிவப்பு போயி ஒரு அழுக்கு மஞ்சளா மாறும், கசப்பும் ஏறிடும். பிக்சினுக்கு சூடு ஒரு அளவுக்கு மேல ஆகாது, அதுக்கப்புறம் சிதைஞ்சுதான் போகும், போன கலர திரும்ப கொண்டு வர வழியே இல்ல, கீழ ஊத்திட்டு புதுசா போட வேண்டியதுதான்.

வடிகட்டி கண்ணாடி பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஒரு மாசம் வரைக்கும் தைரியமா யூஸ் பண்ணலாம். வெளிச்சம் படுற இடத்துல வெச்சா கலர் மங்கிடும். சில பேரு வாசனைக்காக பூண்டு, பிரிஞ்சி இலை எல்லாம் கூட போட்டு காய்ச்சுவாங்க, நல்லாத்தான் இருக்கும், ஆனா பூண்டு போட்ட எண்ணெய்ய வெளிய வைக்கவே கூடாது, பாட்டுலிசம்னு ஒரு விஷக்கிருமி பிரச்சனை இருக்கு, ஃப்ரிட்ஜ்ல வெச்சு சில நாள்ல தீர்த்துடுங்க.

இந்த எண்ணெய வெச்சு என்ன பண்றதுன்னா, ஈஸியானது போர்ட்டோ ரிக்கோ ஸ்டைல் அரோஸ் கோன் கண்டூலஸ், அதாவது துவரை போட்ட மஞ்சள் சாதம். ரெண்டு ஸ்பூன் அனாட்டோ எண்ணெய்ல வெங்காயம், பூண்டு, குடமிளகாய், மல்லித்தழை எல்லாம் வதக்கி அரிசிய போட்டு ஒரு பெரட்டு பெரட்டுங்க, ஒவ்வொரு அரிசிலயும் எண்ணெய் ஒட்டணும், அப்புறம்தான் தண்ணி. தண்ணி ஊத்துனதுக்கு அப்புறம் எண்ணெய விட்டீங்கன்னா அங்கங்க திட்டு திட்டா நிக்கும். பிலிப்பைன்ஸ்ல பகோலோத் பக்கம் சிக்கன் இனாசல்னு ஒண்ணு, வினிகர், கலமான்சிங்கிற குட்டி எலுமிச்சை மாதிரி பழம், இஞ்சி, எலுமிச்சைப்புல்லு எல்லாம் போட்டு ஊற வெச்ச சிக்கன கரி அடுப்புல வாட்டும்போது இந்த எண்ணெய பிரஷ்ல தடவிகிட்டே இருப்பாங்க, அந்த பளபள ஆரஞ்சு அதுல வர்றதுதான். வியட்நாம்ல பூன் போ ஹுவே சூப்புக்கு மேல மிதக்குற சிவப்பு எண்ணெய்லயும் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

எண்ணெய் வேணாம்னா தண்ணி முறையும் இருக்கு. வெதுவெதுப்பான தண்ணில அரை மணி நேரம் ஊற வெச்சு விரலால நல்லா கசக்கி தேய்ச்சு வடிகட்டணும், பிலிப்பைன்ஸ்ல காரே காரேன்னு வேர்க்கடலை கிரேவிக்கு இப்படியும் சேர்ப்பாங்க. எண்ணெய் அளவுக்கு கலர் வராது. சிட்டிகை சமையல் சோடா சேர்த்தா கூடுதலா இறங்கும், ஏன்னா சோடாவுல பிக்சின் கொஞ்சம் கொஞ்சமா நார்பிக்சினா மாறும், அது தண்ணில கரையும். செடார் சீஸ்ல இருக்குற ஆரஞ்சு இந்த நார்பிக்சின்தான், பால்ல இருக்குற புரோட்டீன்ல நல்லா பிடிச்சுக்கும். ஆனா இத புளிப்பான எதுலயும் ஊத்தாதீங்க, எலுமிச்சை ஜூஸ் மாதிரி ஐட்டத்துல கலர் பிரிஞ்சு அடில படிஞ்சிடும்.

அப்புறம் பேஸ்ட். மெக்சிகோவுல யுகடான் பக்கம் ரெக்காடோ ரோஹோன்னு சொல்லுவாங்க, இதுக்கு மட்டும் விதைய முழுசா அரைச்சே ஆகணும். கால் கப் விதைய கொதிக்கிற தண்ணில போட்டு ராத்திரி பூரா ஊற விடுங்க, ஊறாம மிக்ஸில போட்டா பிளேடுதான் பாவம். காலைல வடிச்சுட்டு மிளகு, சீரகம், ஓரெகானோ எல்லாம் ஒவ்வொரு டீஸ்பூன், ஆல்ஸ்பைஸ் அரை டீஸ்பூன், ரெண்டு கிராம்பு, ஆறேழு பல்லு பூண்டு, உப்பு, கூட கசப்பு ஆரஞ்சு ஜூஸ் விட்டு மையா அரைக்கணும். கசப்பு ஆரஞ்சு கிடைக்கலன்னா சாதா ஆரஞ்சு ஜூஸும் லைமும் பாதிக்கு பாதி. இங்க புளிப்பு இருந்தாலும் பரவால்ல, கலர் தண்ணில கரையத் தேவையில்ல, விதையோட சேர்ந்தே இறைச்சில ஒட்டிக்கும். இத பன்றிக்கறில பூசி ஒரு ராத்திரி ஊற வெச்சு, வாழை இலைல சுத்தி 160 டிகிரி செல்சியஸ் அவன்ல மூணு மூணரை மணி நேரம் விட்டா கொச்சினிட்டா பிபில். அங்க மண்ணுல குழி தோண்டி வேக வைப்பாங்க, வீட்டுல அவனே போதும். சிக்கன்லயும் பண்ணலாம், நேரம் பாதிக்கு மேல குறையும்.

வாங்கும்போது விதை நல்ல செங்கல் சிவப்பா இருக்கணும், விரல்ல தேய்ச்சா கலர் ஒட்டணும், பழுப்பாகி வறண்டு கிடந்தா பழசு. பொடிய விட விதையே மேல்னு சொல்லுவேன். பிரேசில்ல விக்கிற கொலராவ் பொடில சோளமாவும் கலந்துதான் இருக்கும், அது அங்க வழக்கமான கலவைதான், ஆனா சுத்த அனாட்டோன்னு நெனச்சு அளவு போட்டா கலர் பத்தாது. பாக்கெட் பேஸ்ட் வாங்குனா உப்பு ஏற்கனவே இருக்கும், செயற்கை கலர் சேர்த்திருக்காங்களான்னும் லேபிள பாருங்க. ஐரோப்பிய லேபிள்ல அனாட்டோவுக்கு நம்பர் ஈ 160பி. அரிதா சில பேருக்கு இது கடுமையான அலர்ஜி குடுக்கும், அதனால புதுசா சாப்பிடுறவங்க கொஞ்சமா ஆரம்பிக்கிறது நல்லது.

கை, பிளாஸ்டிக் டப்பா, மரக்கரண்டி, வெள்ளை சட்டை எல்லாத்துலயும் கறை பிடிக்கும். அரைக்கும்போது கையுறை போடுங்க. கைல பட்டா முதல்ல கொஞ்சம் எண்ணெய் தேய்ச்சு துடைச்சுட்டு அப்புறம் சோப்பு போடுங்க, நேரா சோப்பு போட்டா சீக்கிரம் போகாது. துணில பட்டா துவைச்சுட்டு நல்ல வெயில்ல காய போடுங்க, மிச்சம் இருக்குறது வெயில்ல பெரும்பாலும் மங்கிடும்.