சென்சிடிவ் தோலுக்கு ஷேவிங் சோப்: தண்ணீரைப் பார்க்காமல் வாங்காதீர்கள்

ஷேவ் செய்ததும் கழுத்து எரிகிறது, தாடைக்குக் கீழே சிவப்பாகப் பொரிகிறது என்றால் நம்மில் பலரும் உடனே செய்வது சோப்பை மாற்றுவதுதான். அதுவும் ஒத்துவராவிட்டால் இன்னும் விலை கூடிய டப்பா. வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் போர் தண்ணீரில் முகம் கழுவுகிறவர்களுக்கு இப்படி மாற்றிக்கொண்டே போவதால் பெரிய பயன் இருக்காது. எந்தத் தண்ணீரில் நுரை குழைக்கப் போகிறோம் என்று பார்க்காமல் சோப்பைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு.

ஷேவிங் சோப்பின் முக்கியச் சரக்கு ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடும் கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்ஸைடும் சேர்த்து அதைச் சோப்பாக்கும்போதுதான் கெட்டியான, சீக்கிரம் அடங்காத நுரை கிடைக்கிறது. போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் இந்தச் சோப்பைப் பிடித்து, கரையாத வெள்ளைப் பிசுக்காக மாற்றிவிடும். பக்கெட்டின் உள்பக்கம் படிகிறதே, அதே பிசுக்கு. நுரை பாதி ஷேவிலேயே அடங்கிவிடும். பிளேடு வெறும் தோலில் ஓடும். கழுவிய பிறகும் பிசுக்கு முகத்தில் தங்கும். எரிச்சலுக்கு இவ்வளவு போதும்.

மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுகளாக இருக்கும் பிரச்சினை. காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை 2010இல் வந்த பிறகும், மெட்ரோ தண்ணீர் நின்றதும் மோட்டார் போடும் வீடுகள் இங்கே நிறைய. அதனால் ஒரே சோப் ஒரு நாள் நன்றாக நுரைக்கும், மறுநாள் தயிர் திரிந்த மாதிரி ஆகும். சோப் கெட்டுவிட்டதாக நினைத்துத் தூக்கிப்போடுகிறோம்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு காலி வாட்டர் பாட்டில்களில் ஒன்றில் போர் தண்ணீர், மற்றதில் கேன் தண்ணீர், இரண்டும் ஒரே அளவு. இரண்டிலும் சோப்பைச் சுரண்டி ஒரு சிட்டிகை போட்டு நன்றாகக் குலுக்குங்கள். கால்சியமும் மக்னீசியமும் கூடிய கடினத் தண்ணீரில் நுரை சட்டென்று அடங்கி, மேலே வெள்ளைத் திப்பிகள் மிதக்கும். உங்கள் வீட்டில் இப்படி வந்தால் சோப் மாற்றும் முன்பு தண்ணீரை மாற்றிப் பாருங்கள். நுரை குழைக்கவும் கடைசியாக முகம் கழுவவும் ஒரு சொம்பு கேன் தண்ணீர் போதும். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். பைகார்பனேட் உப்பால் வரும் கடினம் மட்டும்தான் கொதித்தால் குறையும். கடல்நீர் ஏறியதால் வரும் கடினம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

அடுத்த தவறு, குளிக்கிற சோப்பையே முகத்தில் தேய்த்து ஷேவ் செய்வது. உறையில் டிஎஃப்எம் (மொத்தக் கொழுப்புச் சத்து) 76 சதவீதம், முதல் தரம் என்று போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். அந்த எண் கொழுப்புச் சத்து எவ்வளவு என்று மட்டும் சொல்லும், எந்தக் கொழுப்பு என்று சொல்லாது. தேங்காய் எண்ணெய்ப் பங்கு கூடிய சோப் பெரிய குமிழியாகச் சீக்கிரம் நுரைத்துச் சீக்கிரம் அடங்கும், தோலின் எண்ணெய்ப் பசையையும் உரித்தெடுக்கும். குளிக்க நல்ல சோப்பாக இருக்கலாம், பிளேடுக்கு அடியில் அது நிற்காது.

டப்பாவின் முன்பக்கத்தை மட்டும் படித்து வாங்குவதும் தவறுதான். 'சென்சிடிவ்', 'நேச்சுரல்' என்ற சொற்களை நம்பாமல் பின்பக்கப் பொடி எழுத்துக்குப் போங்கள். அங்கே பார்ஃபம், ஃபிராக்ரன்ஸ் (இரண்டுமே வாசனைதான்), மெந்தால், யூகலிப்டஸ் எண்ணெய் இருந்தால், உடனே சிவக்கிற தோலுக்கு அது வேண்டாம். சில்லென்று இருப்பதை இதம் என்று எடுத்துக்கொள்கிறோம். மெந்தால் நரம்புக்குக் குளிர்ச்சி என்ற உணர்வைத் தருகிறதே தவிர, அழற்சியை ஆற்றுவதில்லை. எலுமிச்சை, லாவெண்டர் எண்ணெய்கள் இயற்கையானவைதான், ஆனால் காற்றுப் பட்டுப் பழசாகும்போது ஒவ்வாமை தரக்கூடிய பொருள்கள் அவற்றில் உருவாகும். 'அன்சென்டட்' என்று போட்டதில்கூட மூல வாசனையை மறைக்க வேறு வாசனை சேர்த்திருக்கலாம், 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருப்பதைத் தேடுங்கள். அதே பட்டியலில் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு என்று இருப்பதைப் பார்த்துப் பயந்து வைத்துவிட வேண்டாம். ஒழுங்காகச் செய்த சோப்பில் அது கொழுப்போடு சேர்ந்து சோப்பாகவே மாறியிருக்கும். கிளிசரின் மேல்வரிசையில் இருந்தால் நல்லது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். உண்மையான சோப் எதுவானாலும் காரத்தன்மை உள்ளதுதான், பிஎச் என்ற அமில-கார அளவில் 9, 10 என்று இருக்கும். நம் தோல் 5 அளவில் இருக்கும். வாசனை இல்லாத சோப்பும் நல்ல தண்ணீரும் இருந்தும் எரிந்தால், உங்கள் தோலுக்குச் சோப்பே ஆகவில்லை என்றுதான் அர்த்தம். பிரஷ் தேவைப்படாத, நுரைக்காத கிரீம் எடுத்துக்கொள்ளுங்கள். கடினத் தண்ணீரிலும் அது பெரிதாகப் படுத்தாது.

புதிதாக எதை வாங்கினாலும் முதல் நாளே முகம் முழுக்கப் போட வேண்டாம். முழங்கை உள்மடிப்பில் ஒரு ரூபாய்க் காசு அளவு தடவி, ஷேவ் செய்ய ஆகும் நேரம் வரை வைத்திருந்து கழுவுங்கள். தினம் இரண்டு வேளை, ஒரு வாரம். அந்த வாரம் பிளேடு, லோஷன் எதையும் மாற்ற வேண்டாம். மாற்றினால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது.

சலூனுக்குப் போகிறவர்கள் ஒத்துக்கொண்ட கிரீமைக் கையோடு எடுத்துப்போகலாம். "அண்ணே, இதையே போடுங்க, படிகாரம் வேண்டாம்" என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். படிகாரம் சின்ன வெட்டில் ரத்தத்தை நிறுத்தும், சரி. ஆனால் எரியும் தோலை அது இன்னும் வறட்டும். ஒரே கல் பல முகங்களில் தேய்க்கப்படும்போது கிருமியும் தாண்டும். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவும் வேண்டாம்.

சுருள் முடிக்காரர்களுக்குக் கழுத்தில் வரும் பருக்கள் பல நேரம் சோப்பால் வருவதே இல்லை. வெட்டிய முடி வளைந்து தோலுக்குள்ளேயே திரும்பக் குத்துவதால் வருகின்றன. முடி போகும் திசையிலேயே மழிப்பதும், அழுத்தாமல் இருப்பதும்தான் இதற்கு உதவும். இதற்கெல்லாம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்கித் தடவுவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. இரண்டு நாளில் சிவப்பு அடங்கும், ஆனால் தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், படர்தாமரை இருந்தால் உருமாறிப் பரவும். இவற்றில் பலவற்றை 2018 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சீழ் வைத்தாலோ, வட்டமாகப் படை பரவினாலோ, இரண்டு வாரம் மழிக்காமல் விட்டும் அடங்காவிட்டாலோ அரசு ஸ்டான்லி மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போங்கள். போகும்போது நீங்கள் போடும் சோப், லோஷன், கிரீம் எல்லாவற்றின் உறைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப்போங்கள்.