ஸ்பிரிங் மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்

குன்னூர் மலைப்பாதை வளைவுகளில் கார் ஒருபக்கம் சாய்கிறது என்றதும் பலர் சக்கரத்துக்கு மேலே காரைத் தாங்கும் ஸ்பிரிங்கைத் தாழ்வான, இறுக்கமான வகைக்கு மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். மழையில் பெயர்ந்த சாலையில் அது டயரைத் துள்ளவைக்கும், பிடிமானம் குறையும்.

முதலில் ஓட்டும் முறையைக் கவனியுங்கள். இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே, ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். பார்வை பானெட்டில் அல்ல, வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்காமல் சீராகத் திருப்பினால் சாய்வு வெகுவாக அடங்கும். பின்னால் இருக்கும் குழந்தைகளுக்குக் குமட்டலும் குறையும். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.

ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நிறுவனம் பொருத்திய அதே வகையை ஜோடியாக மாற்றுங்கள். டயர் தேய்ந்து, அதன் மேலுள்ள பள்ளங்களின் ஆழம் 1.6 மி.மீ.க்கு வந்துவிட்டதா? முதல் செலவு அதற்குத்தான்.